லொறியில் ஏற்றுவதற்கு முன்: ரெசின், அசிட், பற்றரி அனுப்புகிறவர்களுக்கு

"இந்தக் கானுக்குள் என்ன?" என்று கேட்டால் திருகோணமலையில் எனக்குக் கிடைக்கும் பதில் இரண்டுதான். ஒன்று, "கெமிக்கல்". மற்றது, "ஒண்டுமில்லை தங்கச்சி, சும்மா எண்ணெய்." இரண்டையும் நான் பில்லில் எழுதுவதில்லை. பார்சல் லொறிக் கந்தோரில் சரக்கைப் பொறுப்பெடுப்பது என் வேலை. நான் "சரி" என்று கையெழுத்து வைத்த பிறகுதான் அது கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்குப் போகும். வழியில் ஏதாவது ஆனால் அதன் பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள் சாரதியும் கிளீனரும்.

ஆபத்தான சரக்கு என்றதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்தான் ஞாபகம் வரும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என் புத்திமதி தேவையில்லை. நான் சொல்ல வந்தது கொட்பேயில் பைபர் படகு ஒட்டுகிறவர் வாங்கும் ரெசினைப் பற்றி, நிலாவெளி ஹோட்டலின் நீச்சல் குளத்துக்குப் போகும் குளோரினைப் பற்றி, ஐஸ் கம்பனிக்கு வரும் அமோனியா சிலிண்டர், கிண்ணியாவிலிருந்து கொழும்புக்குப் போகும் பழைய பற்றரி, லண்டனிலுள்ள மகனுக்கு அனுப்பும் உடுப்புக்குள் சுருட்டி வைத்த பவர் பேங்க் பற்றி.

முதலில் பெயர்

ஒரு பொருள் எந்த வகை ஆபத்து என்று தீர்மானிக்க வேண்டியவர் அதை அனுப்புகிறவர். லொறிக்காரரும் இல்லை, நானும் இல்லை. கடல், வானூர்தி, தரை எல்லாவற்றிலும் உலக வழமை இதுதான். ஆகவே பொருளை வாங்கும்போதே விற்பவரிடம் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். கடைக்காரர்கள் எம்எஸ்டிஎஸ் என்றோ எஸ்டிஎஸ் என்றோ சொல்வார்கள். "அது வெளிநாட்டுக்குத்தான் வேணும்" என்று சிலர் தட்டிக் கழிப்பார்கள். விடாதீர்கள்.

அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் முதலில் 14ஆம் பகுதிக்குப் போங்கள். போக்குவரத்து விபரம் அங்கேதான். நான்கு இலக்க யூஎன் எண் (ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. கொடுத்த எண்), சரக்குக்குரிய முறையான பெயர், வகுப்பு, பொதியிடல் குழு என்ற நான்கும் ஒரே இடத்தில் இருக்கும். அப்புறம் 9ஆம் பகுதியில் தீப்பற்றும் வெப்பநிலை (பக்கத்தில் நெருப்பு வந்தால் ஆவி பற்றத் தொடங்கும் சூடு), 10ஆம் பகுதியில் எதனுடன் சேரக்கூடாது என்ற விபரம். இந்த மூன்று பகுதிகளைப் பார்த்தாலே என் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வந்துவிடும். தாளில் உள்ள கம்பனிப் பெயரும் கானில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு கம்பனித் தின்னரின் தாளைக் கொப்பி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. தின்னர் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே கலவை கிடையாது.

இன்னொரு குழப்பம் ஸ்டிக்கர். போத்தலில் சிவப்புக் கரையும் வெள்ளை நடுவுமாக இருக்கும் சாய்சதுரப் படம் அதைப் பாவிப்பவருக்கான எச்சரிக்கை. போக்குவரத்துக்குரிய சாய்சதுரம் வேறு. அதில் கீழ் மூலையில் வகுப்பு எண் இருக்கும். முதலாவது இருக்கிறதே என்று இரண்டாவதை ஒட்டாமல் விடக்கூடாது.

ஒன்பது வகுப்புகள், எங்கள் ஊர்ச் சாமான்களோடு

முதலாம் வகுப்பு வெடிபொருட்கள். படகில் வைத்திருக்கும் அவசர ஒளிச்சமிக்ஞைக் குழல்களும் இதில் அடக்கம். காலாவதி ஆனதாலே அவை செத்துப்போவதில்லை. எங்கள் லொறியில் இவற்றுக்கு இடமே இல்லை. "நானா, இது டைனமைட் மீன்பிடிக்காரங்கள் கொண்டுவந்ததில்லைதானே?" என்று ஒருவரிடம் பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாயுக்கள். சமையல் காஸும் வெல்டிங் அசெற்றிலினும் எரியும் வகை. ஒட்சிசனும், சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டரும் எரியாத, நஞ்சில்லாத வகை. ஆனால் ஒட்சிசன் மற்றவற்றை எரியத் தூண்டும், அதனால் அதற்கு இரண்டாவது ஸ்டிக்கரும் வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரின் வாயில் கிறீஸ் பட்ட கையை வைக்கவே கூடாது. அமோனியா நஞ்சு வாயு, அரிக்கும் தன்மையும் கூட. மூன்றாவது எரியும் திரவங்கள்: பெற்றோல் யூஎன் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223, பெயின்ற் 1263.

நான்காவதில்தான் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். கோயிலுக்குப் போகும் கற்பூரம் எரியும் திண்மம். கொப்பறா தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள். யூஎன் 1363 என்று அதற்குத் தனி எண்ணே உண்டு. சரியாகக் காயாத கொப்பறாவை மூட்டை மூட்டையாக அடுக்கித் தறப்பாள் இழுத்துக் கட்டினால் நடுவில் சூடு தங்கும். மாம்பழம் பழுக்க வைக்க ஒளித்து வைத்திருப்பார்களே, அந்தக் காபைட் தண்ணீர் பட்டால் அசெற்றிலின் வாயுவைக் கக்கும். மாரி காலத்தில் திறந்த லொறியில் அதை ஏற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஐந்தாவது ஒட்சியேற்றிகளும் (மற்றவற்றை எரியத் தூண்டுபவை) கரிமப் பெரொக்சைட்டுகளும். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆறாவது நஞ்சும் தொற்றுப் பொருட்களும்: பூச்சிமருந்து, ஆய்வுகூட மாதிரிகள். ஏழாவது கதிரியக்கம், அது உங்களிடமும் என்னிடமும் வராது. எட்டாவது அரிப்பவை: பற்றரி அசிட், குளத்து அசிட், றப்பர் பால் உறைய வைக்கும் போமிக் அசிட். ஒன்பதாவது மற்றவை, லிதியம் பற்றரியும் உலர் ஐஸும் இங்கே வரும்.

ஒன்று பெரிய ஆபத்து, ஒன்பது சின்ன ஆபத்து என்று இந்த எண்களை வாசிக்க வேண்டாம். அவை வகையைச் சொல்கின்றன, அவ்வளவுதான். ஆபத்தின் அளவைச் சொல்வது பொதியிடல் குழு. குழு 1 கடுமை, 2 நடுத்தரம், 3 குறைவு. எரியும் திரவத்தில் தீப்பற்றும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே என்றால் பொதுவாகக் குழு 2. 23 முதல் 60 வரை என்றால் குழு 3. 35 பாகையிலோ அதற்குக் கீழேயோ கொதிக்கத் தொடங்கும் திரவம் குழு 1.

குழு 3 என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். பைபர் ரெசினில் இருப்பது ஸ்டைரீன். அதன் தீப்பற்றும் வெப்பநிலை 31 பாகை அளவில். ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் நிழலிலேயே அதைவிடச் சூடு. தறப்பாளுக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். அதாவது கான் கசிந்தால் அந்த ஆவி ஏற்கெனவே தீப்பற்றத் தயாராக நிற்கிறது. அது காற்றைவிடப் பாரமானது, லொறித் தட்டோடு ஊர்ந்து கீழே இறங்கும். பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைப்பவருக்கு மணம்கூட வராமல் இருக்கலாம்.

ரெசினும் ஹார்ட்னரும்

எங்கள் கந்தோருக்கு வருவதில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். படகு ஒட்ட மூன்று சாமான் வேண்டும்: ரெசின், அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர், வேகப்படுத்தும் கோபால்ட். ரெசின் மூன்றாம் வகுப்பு, யூஎன் 1866. ஹார்ட்னர் என்று சின்ன வெள்ளைப் போத்தலில் வருவது பெரும்பாலும் எம்ஈகேபி என்ற கரிமப் பெரொக்சைட், வகுப்பு 5.2. கடைக்காரர் மூன்றையும் ஒன்றாக விற்பார். வாங்குபவர் ஹார்ட்னர் போத்தலை ரெசின் கானின் கழுத்தில் சணல் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்.

ஹார்ட்னரும் கோபால்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் கடுமையாகச் சூடேறி வெடிக்கும். படகு ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னரை விடுகிறார்கள். ஆனால் அதே ஆள் இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்புவார். படகு ஒட்டும் இடத்தில் ஒருபோதும் செய்யாததை, அடுத்த 250 கிலோமீற்றருக்கு வேறொருவர் தலையில் கட்டிவிடுகிறார்.

ஹார்ட்னர் அது வந்த பிளாஸ்டிக் போத்தலிலேயே போக வேண்டும். அந்த மூடி சும்மா மூடி இல்லை, உள்ளே சேரும் வாயு வெளியேற அதில் வழி இருக்கும். சாராயப் போத்தலுக்கு மாற்றினால் வாயு போக இடமில்லை. தகர டின்னுக்கு மாற்றினால் துருவே அதைச் சிதைக்கத் தொடங்கும். போத்தலை நிமிர்த்தி, சுற்றி எரியாத நிரப்பி போட்டு, தனிப் பெட்டியில், வெயில் படாத மூலையில், ரெசினிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். சிந்தினால் மரத்தூளும் பழைய சாறனும் கொண்டு துடைக்காதீர்கள், அவை எரிந்துவிடும். ஈரமான சுத்தமான மணலைப் போட்டு அள்ளி, மூடி இறுக்காத வாளியில் வெளியே வையுங்கள். கண்ணில் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்வையே போகும் சாமான் அது.

தொழிற்சாலையிலேயே அளந்து ஒன்றாகப் பொதி செய்து வரும் ரெசின் கிற் உண்டு, யூஎன் 3269. அது வேறு விஷயம், அந்தப் பொதி அதற்கென்றே வடிவமைத்தது. நீங்கள் கயிற்றால் கட்டுவது கிற் ஆகாது.

யாருக்குப் பக்கத்தில் யார்

இதே தவறு நீச்சல் குளச் சாமானிலும் நடக்கிறது. ஒரு ஹோட்டல் களஞ்சியப் பொறுப்பாளர் குளோரின் தூள் வாளியையும் அசிட் கானையும் ஒரே மட்டைப் பெட்டியில் வைத்து, மேலே பெரிதாக "குளம்" என்று எழுதிக் கொண்டு வந்தார். ஒரே இடத்துக்குப் போகிற சாமான், ஆகவே ஒரே பெட்டி. அவர் கணக்கு அது. அசிட் கசிந்து அந்தத் தூளில் பட்டால் குளோரின் வாயு வரும். அந்தத் தூள் கல்சியம் ஹைப்போகுளோரைட். பிரேக் எண்ணெய் பட்டாலும் தானாகத் தீப்பிடிக்கும். எங்கள் லொறித் தட்டில் எண்ணெய்க் கறை இல்லாத நாளே கிடையாது. எனவே நான் தட்டைக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் குளோரினை ஏற்றுவேன், அசிட் வேறு லொறியில் அல்லது வேறு நாளில். கப்பலுக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பில் எந்த வகுப்பை எதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. 2004 ஜனவரி 1 முதல் அது கடலில் கட்டாயம். தரையில் போனாலும் அந்த அட்டவணையைப் பார்த்தே நான் அடுக்குகிறேன். ரசாயனத்துக்குத் தான் கடலில் போகிறதா தரையில் போகிறதா என்று தெரியாது.

பூச்சிமருந்தைச் சாப்பாட்டுச் சாமானோடு ஏற்றக்கூடாது. 1958இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமையில் பரத்தியோன் என்ற பூச்சிமருந்து கசிந்து கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். எங்கள் ஊரில் மாவு லொறிகள் அதிகம். மாவை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் மலிவாகப் பூச்சிமருந்து போட்டனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதே லொறி நாளைக்கு மறுபடி மாவு ஏற்றும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கான், பரல், பெட்டி

ஆபத்தான சரக்குக்குச் சோதித்துத் தேறிய பொதிகளில் ஒரு வட்டத்துக்குள் யூஎன் குறியும், அதை ஒட்டி ஒரு வரிசை எழுத்தும் எண்ணும் அச்சாகியிருக்கும். 1ஏ1 என்றால் மேல்மூடி கழற்ற முடியாத இரும்புப் பரல், 3எச்1 என்றால் அதேபோன்ற பிளாஸ்டிக் கான், 4ஜி என்றால் மட்டைப் பெட்டி. அதன் பிறகு எக்ஸ், வை, இசட் என்று ஓர் எழுத்து. எக்ஸ் மூன்று குழுவுக்கும் ஆகும், வை 2க்கும் 3க்கும், இசட் 3க்கு மட்டும். பிளாஸ்டிக் கான் செய்து ஐந்து வருடம் தாண்டினால் அதில் ஆபத்தான திரவம் அனுப்பக்கூடாது. மாதமும் வருடமும் கானிலேயே பொறித்திருக்கும்.

சமையல் எண்ணெய்க் கானில் அசிட், தண்ணீர்ப் போத்தலில் தின்னர்: இவற்றை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், யார் சிபாரிசோடு வந்தாலும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பெற்றோலைக் கண்ட கண்ட கானில் ஊற்றி பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கானை வாய் மட்டும் நிரப்பாதீர்கள். 55 பாகைச் சூட்டிலும் திரவம் விரிய உள்ளே இடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கர் 100 மில்லிமீற்றர் சதுரம், யூஎன் எண் பெரிய பொதிகளில் 12 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல். திரவம் என்றால் எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் மேல்நோக்கிய அம்புக்குறி. பழைய பெட்டி என்றால் பழைய ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்பு வீரர் எதை நம்புவார்? வெறும் பரலுக்கு மட்டும் இது நேர்மாறு. கழுவாத பெற்றோல் பரல் உள்ளே ஆவியோடு இருக்கிறது, அதன் ஸ்டிக்கர் அப்படியே இருக்கட்டும். "வெறும் பரல்தானே" என்று அதை வெல்டிங்கால் வெட்டப்போய்ச் செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பற்றரி

வாகனப் பற்றரி யூஎன் 2794, எட்டாம் வகுப்பு. நிமிர்த்தி வைத்து, முனைகளை றப்பர் மூடியாலோ ரேப்பாலோ மறைத்து, பலகைத் தட்டில் கட்டி அனுப்ப வேண்டும். மேலே இரும்பு எதுவும் வரக்கூடாது. பழைய பற்றரி சேர்ப்பவர்கள் பாரம் குறையட்டும் என்று அசிட்டை வடிகாலுக்குள் ஊற்றிவிட்டு வருவது கொடுமை, ஈயத்தோடு சேர்ந்த அசிட் அது. பழைய பற்றரி பட்டியலிடப்பட்ட கழிவு. சேர்க்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

லிதியம் பற்றரிக்குக் கணக்குத் தெரிய வேண்டும். வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்கினால் வற்-மணி வரும். 20,000 மில்லி அம்பியர்-மணிப் பவர் பேங்க் 3.7 வோல்ற் என்றால் 74 வற்-மணி. விமானத்தில் கைப்பையில் 100 வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். செக்-இன் பையில் கூடாது. பார்சலில் போட்டால் அது தனிப் பற்றரிச் சரக்கு, யூஎன் 3480. 2016 ஏப்ரல் முதல் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே முடியாது. சரக்கு விமானத்திலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பதுதான் வழமை. ஆகவே லண்டன் பார்சலுக்குள் முறுக்கும் மிளகாய்த்தூளும் போகலாம், பவர் பேங்க் வேண்டாம். வாசனைத் திரவியமும் எரியும் திரவம்தான், அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஊதிப்போன பற்றரியை எந்த வாகனத்திலும் ஏற்றாதீர்கள்.

தாளும் பாதையும்

அறிவிப்புத் தாளில் ஒழுங்கு மாறக்கூடாது: யூஎன் எண், முறையான பெயர், வகுப்பு, இரண்டாம் ஆபத்து இருந்தால் அது, பிறகு பொதியிடல் குழு. ரெசினுக்கு எழுதினால் "யூஎன் 1866, ரெசின் கரைசல், 3, குழு 3" என்று வரும். அப்புறம் எத்தனை பொதி, என்ன பொதி, எவ்வளவு நிறை, அவசரத்துக்கு எடுக்க ஒரு தொலைபேசி எண், அனுப்புகிறவர் கையெழுத்து. இரவு இரண்டு மணிக்கும் எடுக்கும் எண்ணாக இருக்கட்டும். வணிகப் பெயரைத் தனியாக எழுதுவது போதாது.

கப்பலுக்குப் போகும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதை அப்படியே சாரதி கையில் கொடுத்து அனுப்புவதால் பயனில்லை. அரைப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், என்ன பொருள், கசிந்தால் என்ன செய்வது, தண்ணீர் அடிக்கலாமா கூடாதா என்று எழுதி சாரதியின் இருக்கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஹபரணைக்கு அப்பால் லொறி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருபவர் சிங்களத்தில்தான் கேட்பார். அவசர எண்கள் மூன்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: தீயணைப்பு 110, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

அதே ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வரும், சாரதி பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பார். சரக்கைக் கட்டும்போது அந்த ஒரு மிதியை நினைத்துக்கொண்டு கட்டுங்கள். சிலிண்டர் என்றால் வால்வுக்கு மூடி போட்டு, நிமிர்த்தி, சங்கிலி. காஸையும் அமோனியாவையும் மூடிய லொறியில் ஏற்ற மாட்டோம். அமோனியா கசிந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓடுங்கள்.

வெளிநாட்டுக்கு என்றால் கொழும்புதான். எங்கள் துறைமுகத்துக்கு வருவது பெரும்பாலும் கோதுமை, கிளிங்கர், எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. கப்பல் கம்பனி தரவுத் தாளைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கொள்கலனில் ஏற்றுவார்கள், உள்ளே அடுக்கியவர் தனியாக ஒரு சான்றிதழ் தர வேண்டும். உள்ளே சரியாக அடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எக்ஸ்பிரஸ் பேர்ள் எங்கள் கடலுக்கே கொண்டுவந்து காட்டியது. அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம். ஒரு கொள்கலனில் அமிலம் கசிவது தெரிந்து கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிராவிலும் இறக்கக் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் முடியவில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது, ஜூன் 2 அன்று தாழத் தொடங்கியது. கசிந்த சரக்கை வழியில் எவரும் வாங்க மாட்டார்கள்.

என்னிடம் கொண்டுவருவதானால் முதல் நாளே தரவுத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சரக்கைக் காலையில், வெயில் ஏறும் முன் கொண்டு வாருங்கள், பின்னேரம் ஆட்கள் அவசரத்தில் அடுக்குவார்கள். அறிவிப்புத் தாளின் ஒரு பிரதியைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது கடல் விதி. என் மேசை லாச்சியில் அதைவிடப் பழையதும் கிடக்கிறது. உங்கள் பிரதியைக் காணவில்லையென்றால் பில் நம்பரோடு வந்து கேளுங்கள்.